பனிச்சரிவை ‘இயற்கையின் சீற்றம்’ என்று எழுதி முடித்துவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டிறுதி விடுமுறையில் குளிர்நாடுகளுக்குச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்காகக் கடந்த ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையையும், அதே பதிப்பின் உலகச் செய்திப் பக்கத்தில் மலையேறிகள் சிலர் பனியில் புதைந்து இறந்ததைப் பற்றிய சிறு செய்தியையும் ஒரே காலையில் படித்தேன். சறுக்குத் தளங்களின் வேலிக்கு அப்பால், யார் காலும் படாத வெண்பனியில் நடந்து செல்வதே குளிர்காலப் பயணத்தின் உண்மையான இன்பம் என்கிறது கட்டுரை. அந்த மலையேறிகள் ‘இயற்கையின் சீற்றத்துக்கு’ இரையானார்கள் என்றும், ‘பனிப்பாறை சரிந்து’ அவர்களை மூடியது என்றும் சொல்கிறது செய்தி. முதலில் சொல்லப்பட்ட இன்பமும் அடுத்த பக்கத்தில் சொல்லப்பட்ட சாவும் ஒரே வகையான இடத்தில் நிகழ்பவை என்பதைத் தங்கள் வாசகர்களில் எத்தனை பேர் இணைத்துப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் பனியியல் கற்றவன் அல்லன். பினாங்கில் முப்பத்தொரு ஆண்டுகள் நில அளவையாளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆயினும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் எனக்கும் என் பழைய சகாக்களுக்கும் நேர்ந்த ஓர் அனுபவமும், அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தவையும் இக்கடிதத்தை எழுதச் செய்கின்றன.

முதலில் சொல்லைப் பற்றி. தமிழில் ‘பனி’ என்னும் ஒரே சொல் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் துளியையும், கேமரன் மலைச் சாலையை மறைக்கும் மூட்டத்தையும், இமயத்தில் விழும் வெண்பனியையும் சேர்த்தே சுமக்கிறது. அதனால் செய்தி எழுதுபவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் பனிப்பாறை என்பது பல்லாண்டுகளாக இறுகிய பனிக்கட்டி. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் 16 நேபாள மலைப்பணியாளர்களைக் கொன்றது அத்தகைய பனிக்கட்டியின் சரிவு. அதன்கீழ் யார் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது ஒருநாள் விழத்தான் செய்யும். குளிர்கால மலைகளில் நடையாளர்களையும் சறுக்குவீரர்களையும் கொல்லும் பனிச்சரிவோ பெரும்பாலும் அந்தப் பருவத்தில் விழுந்த பனியிலிருந்தே, அதிலும் சில நாள்களுக்கு முன் விழுந்த பனியிலிருந்தே உண்டாவது. அதைத் தொடங்கி வைப்பவர் யார் என்பதுதான் நான் வலியுறுத்த வந்த செய்தி. உயிரிழப்பில் முடிந்த பனிச்சரிவு விபத்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதை, இறந்தவரோ அவருடன் சென்றவரோதான் தம் எடையால் தூண்டிவிட்டிருக்கிறார்கள். மலை தன் போக்கில் சீறவில்லை. அறுந்துவிழக் காத்திருந்த ஒன்றின்மேல் மனிதர் கால் வைத்தார். இதைச் சொல்லாமல் ‘சீற்றம்’ என்று எழுதும்போது, முன்கூட்டியே அறிந்து தவிர்க்கக்கூடியதாக எதுவும் இருக்கவில்லை என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் பதிந்துவிடுகிறது.

இனி எங்கள் கதை. நாங்கள் ஏழு பேர், எல்லாரும் அறுபதைத் தொட்டவர்கள். கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானத்தில் சப்போரோ சென்று இறங்கி, ஒரு பயண முகவரின் ஏற்பாட்டில் தீவின் நடுப்பகுதியிலுள்ள மலையடிவார விடுதி ஒன்றில் தங்கினோம். பயணத்திட்டத்தின் மூன்றாம் நாளில் ‘எல்லா வயதினருக்கும் ஏற்ற மென்பனி நடை’ என்று ஒரு வரி இருந்தது. முகவரின் ஆளாக எங்களுடன் வந்த இளைஞர் விடுதியிலிருந்து பனிக்காலணிகளை வாடகைக்கு வாங்கித் தந்து, விடுதிக்குப் பின்புறமிருந்த மரமற்ற வெளி வழியாக எங்களை அழைத்துச் சென்றார். முந்தைய இரண்டு நாள்களும் காற்றோடு பனி கொட்டியிருந்தது. அன்று வானம் துடைத்து வைத்தாற்போல் நீலமாக இருந்தது. நாங்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கிடங்கின் மேல்தளத்தில் யாரோ அரிசி மூட்டையைத் தொப்பென்று போட்டது போன்ற ஓர் அடித்தொண்டை ஒலி எழுந்தது. அதே கணத்தில் காலடிப் பனி ஒரு விரற்கடை கீழே இறங்கியதை எல்லாரும் உணர்ந்தோம். எங்காவது மரத்திலிருந்து பனி விழுந்திருக்கும் என்றார் அந்த இளைஞர். சிரித்துவிட்டு இன்னும் சிறிது தூரம் மேலேறித் திரும்பினோம்.

மறுநாள் எங்களில் இருவர் சொந்தச் செலவில் உள்ளூர் மலைவழிகாட்டி ஒருவரை அமர்த்த, நானும் சேர்ந்துகொண்டேன். முந்தைய நாள் கேட்ட ஒலியை விளையாட்டாக அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எங்கள் காலடித் தடங்கள் எங்கே என்று கேட்டு, தொலைவிலிருந்தே பார்த்தார். நாங்கள் நின்ற இடம் இருபது பாகை சாய்வுகூட இராது; ஆனால் அதற்கு நேர்மேலே, காற்று பனியைக் கொண்டுவந்து குவித்த வெளி முப்பத்தைந்து பாகைக்குக் குறையாமல் எழுந்து நின்றது. வாழ்நாள் முழுவதும் சாய்வுகளை அளந்தே சோறு தின்றவன் நான். அதைக் கண்ணாலேயே கணித்திருக்க முடியும். அன்று அண்ணாந்து பார்த்தபோது, படத்துக்கு நல்ல பின்னணி என்று மட்டுமே எனக்குத் தோன்றியது. அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

வழிகாட்டி எங்களைப் பாதுகாப்பான ஒரு மேட்டுக்கு அழைத்துச் சென்று, அதே திசையை நோக்கிய சிறு சரிவில் மண்வாரியால் நெஞ்சளவு குழி தோண்டினார். குழியின் சுவரைச் சீராகச் செதுக்கி, நீளம் அகலம் இரண்டிலும் 30 சென்டிமீட்டர் இருக்குமாறு ஒரு பனித்தூணை நான்கு புறமும் அறுத்து விடுவித்தார். அதன் தலைமேல் மண்வாரித் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. இதுதான் கணக்கு. முதல் பத்துக்குத் தூண் அசையவில்லை. பதின்மூன்றாவது தட்டில், மேலிருந்த நாற்பது சென்டிமீட்டர் உயரப் பனி, மேசையின் இழுப்பறையை இழுத்தாற்போல் ஒரே கட்டியாக வழுக்கி வந்து அவர் மடியில் விழுந்தது. அது பிரிந்த இடத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக் கறுப்பு அட்டையில் கொட்டிக் காட்டினார். கைக்குள் பிடித்தால் உருண்டையாகும் பனி அன்று. பளபளவென்று கோணங்கள் கொண்ட தனித்தனி மணிகள். ‘மளிகைக் கடையில் கட்டி வைத்த சீனி மாதிரியே இருக்கிறதே’ என்றார் என் நண்பர். மலைக்காரர்களும் அதைச் சீனிப்பனி என்றே அழைப்பதாகப் பின்னர் படித்தேன். நாங்கள் முந்தைய நாள் கேட்டது, அந்தச் சீனி அடுக்கு எங்கள் எடையில் நொறுங்கி, அதன்மேல் ஒரே பலகையாக இறுகியிருந்த பனிப்பாளம் முழுவதும் அமர்ந்த ஒலி. நொறுங்கல் பக்கவாட்டில் ஓடக்கூடியது. மேலேயிருந்த செங்குத்தான பகுதிவரை அது ஓடியிருந்தால், சமதளம் போன்ற இடத்தில் நின்றுகொண்டே அந்தச் சரிவை எங்கள் தலைமேல் இறக்கியிருப்போம்.

அந்தச் சீனி எப்படி உருவாகிறது என்பது வெப்பமண்டலத்தில் வாழும் நமக்குப் புதுமையானது. பனிப்போர்வையின் அடியிலுள்ள தரை பெரும்பாலும் 0 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். மேலே காற்று சுழியத்துக்குக் கீழே 15 பாகையில் இருக்கலாம். பனி ஒரு மீட்டர் ஆழமே என்றால், பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றரை பாகை வேறுபாடு உண்டாகிறது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பாகையைத் தாண்டினாலே, கீழேயிருக்கும் ஈரப்பதம் ஆவியாகி மேலேறி, ஒன்றோடொன்று பிணையாத கோண மணிகளாகப் படியத் தொடங்கிவிடும். ஆகவே பனி குறைவாக விழுந்த குளிர்காலத்தில் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவது தவறு. மெல்லிய போர்வையில்தான் இந்த வேறுபாடு கூர்மையாகிறது. தெளிந்த குளிரிரவில் மேற்பரப்பில் இறகு போல் பூக்கும் உறைபனியும் அடுத்த பனிப்பொழிவில் அப்படியே புதைந்து, வாரக்கணக்கில் நலிந்த அடுக்காகக் கிடக்கும். அதன்மேல் காற்று அடித்துச் சேர்த்த பனி பாளமாக இறுகுகிறது. வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில் காற்றினால் ஒரு சரிவின் மறுபுறத்தில் பனியைக் குவிக்க முடியும். பாளம், அதன்கீழ் நலிந்த அடுக்கு, போதிய சாய்வு, ஒரு தூண்டுதல் ஆகிய நான்கும் கூடினால் போதும்.

வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சமையலறையிலேயே காட்டினேன். சப்பாத்திப் பலகையில் கோதுமை மாவைத் தூவி, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குச் சீனி, அதற்கும் மேலே மாவைச் சல்லடையில் சலித்து மெல்ல அமுக்கி வைத்து, பலகையை ஒரு பக்கமாகத் தூக்கினோம். கைத்தொலைபேசியின் சாய்வுமானி முப்பத்து மூன்றைக் காட்டியபோது மேல்மாவு குறுக்கே வெடித்து, ஓடு ஓடாக இறங்கியது. சீனி இல்லாமல் மாவை மட்டும் வைத்தபோது அதே சாய்வில் அது அசையவே இல்லை. மருமகள் மாவைக் கூட்டிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை.

பெரும்பாலான பாளச் சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில் நிகழ்கின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அவ்வப்போது உதிர்ந்துவிடுவதால் பெரும் பாளமாகச் சேர்வது அரிது. பினாங்கில் 25 பாகைக்கு மேற்பட்ட சாய்வையும் 76 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தையும் மலைநிலம் என்று வகுத்துக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துவதை நாம் அறிவோம். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தொழிலாளர் 11 பேர் மண்ணில் புதைந்தபோது இந்த எண்களை ஊரே பேசியது. ஆனால் மண்சரிவோடு இதற்கு ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பாத்தாங் காலியில் முகாமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது மண்சரிவில் இறந்த 31 பேர் தம் செயலால் அந்தச் சரிவை வரவழைக்கவில்லை. வெண்பனிச் சரிவிலோ நாம் ஏறப்போகிறோமா, அதன் அடியில் நிற்கப் போகிறோமா, ஒவ்வொருவராகக் கடக்கப் போகிறோமா, முப்பது பாகைக்குக் குறைந்த வழியிலேயே சுற்றிச் செல்லப் போகிறோமா என்பதை அன்று காலை நாமே முடிவு செய்கிறோம். (உரக்கக் கத்தினால் பனி சரியும் என்று திரைப்படங்கள் காட்டுவது வெறும் கற்பனை, மனிதக் குரலுக்கு அந்த வலிமை இல்லை. மௌனமாக நடந்தால் தப்பலாம் என்று யாரும் நம்ப வேண்டாம்.)

அந்த முடிவுக்குத் துணை செய்வதற்கென்றே அபாய அறிக்கைகள் உள்ளன. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம் என்னும் ஐந்து படிகளைப் பயன்படுத்துகின்றன. ஹொக்கைடோவின் நிசெக்கோவில் பனிச்சரிவுத் தகவலை நாள்தோறும் காலையில் வெளியிட்டு, வேலிக்கு அப்பால் செல்லும் வாயில்களை அதற்கேற்பத் திறக்கவும் மூடவும் செய்கிறார்கள். இந்தப் படிகளை நம்மவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. ஐந்துக்கு மூன்று என்றால் நடுத்தரம், தேறிவிடலாம் என்று பள்ளித் தேர்வுப் பழக்கம் சொல்லும். படிகள் சமமான உயரம் கொண்டவை அல்ல. ஒவ்வொரு படிக்கும் அபாயம் பன்மடங்காக ஏறுகிறது. சுவிட்சர்லாந்தில் குளிர்காலத்தின் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டு நாள்களிலேயே மூன்றாம் படி அறிவிக்கப்படுகிறது. ஆனால் பனிச்சரிவு மரணங்களில் ஏறத்தாழப் பாதி அந்த நாள்களில் நிகழ்பவை. நான்காம் படியில் பலர் விடுதியிலேயே தங்கிவிடுகிறார்கள். மூன்றில் வெளியே கிளம்புகிறார்கள். அதிலும் பெருமழைபோல் பனி கொட்டி ஓய்ந்த பிறகு வரும் முதல் நீலவானக் காலை மனிதரை ஏமாற்றுவதில் கெட்டிக்காரத்தனம் உடையது. எங்களை ஏமாற்றியதும் அதுவே.

புதைந்தவருக்குக் கிடைக்கும் நேரத்தைப் பற்றியும் தமிழ் வாசகரிடையே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் படைப்பிரிவின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த முகாமைப் பனி மூடியதையும், பத்துப் படைவீரர்களில் லான்ஸ் நாயக் அனுமந்தப்பா ஆறு நாள்களுக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டதையும் மறந்திருக்க மாட்டோம். மாண்டவர்களில் நால்வர் தமிழகத்தவர் என்பதால் இங்கும் பல வீடுகளில் கண்ணீர் வந்தது. அனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று மருத்துவமனையில் காலமானார். கூடாரத்துக்குள் காற்றுக்கு இடம் இருந்ததால் நிகழ்ந்த அந்த அரிய விதிவிலக்கை மனத்தில் வைத்து, மீட்புப் படை வரும்வரை தாக்குப்பிடிக்கலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. முழுமையாகப் புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டால் பத்தில் மூன்று பேர்தான். அண்மைக்கால ஆய்வு அந்தப் பதினைந்தையும் பத்து நிமிடமாகக் குறைத்திருக்கிறது. ஓடிவந்து நின்ற பனி மாவுபோல் இருக்காது. ஒரு கன மீட்டர் 300 முதல் 500 கிலோ வரை எடையுள்ள, கையால் கீறவும் முடியாத சிமெண்டுக் கட்டியாக உறைந்துவிடும். உலங்கு வானூர்தி வந்து சேர்வதற்குள் அந்த நிமிடங்கள் கடந்துவிடும். பக்கத்தில் நின்ற தோழனே மீட்புப் படை. அவனிடமும் புதைந்தவரிடமும் 457 கிலோஹெர்ட்சில் இயங்கும் சமிக்ஞைக் கருவியும், ஆழம் பார்க்கும் மடிப்புக்கோலும், மண்வாரியும் இருந்து, அவற்றைப் பயன்படுத்திப் பழகியும் இருந்தால் மட்டுமே அந்த நேரத்துக்குள் தோண்ட முடியும். அன்று எங்கள் ஏழு பேரிடமும் இருந்தவை ஏழு கைத்தொலைபேசிகளும் இரண்டு வெந்நீர்க் குடுவைகளும்.

இது ஏதோ சாகசக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட இயலாது. 1997 மே 23 அன்று எம். மகேந்திரனும் என். மோகன்தாசும் எவரெஸ்ட் உச்சியில் மலேசியக் கொடியை ஏற்றிய நாளிலிருந்து, மலை என்றால் நம் சமூகத்துக்கு ஒரு தனிப் பெருமிதம் உண்டு. இன்று அன்னபூர்ணா வட்டப்பாதைக்கும் காஷ்மீரின் குல்மார்க்குக்கும் நம்மவர்கள் குழுவாகப் போகிறார்கள். 2014 அக்டோபரில் வங்கக் கடலில் தோன்றி விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயலின் எச்சம் இரண்டே நாளில் அன்னபூர்ணாவில் பெரும்பனியாகக் கொட்டி, பனிப்புயலாலும் சரிவாலும் 43 பேரைக் கொன்றது. நடைப்பயணத்துக்கு மிகவும் உகந்ததென்று எல்லாரும் தேர்ந்தெடுக்கும் மாதம் அது. குல்மார்க்கில் கம்பிவட ஊர்தி யாரையும் சில நிமிடங்களில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. 2010 பிப்ரவரியில் அதே மலைப்பகுதியில் பயிற்சியிலிருந்த படைவீரர்கள் 17 பேர் சரிவில் மாண்டார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று குல்மார்க்கின் அபர்வாட் மலைச்சரிவில் போலந்து நாட்டுச் சறுக்குவீரர்கள் இருவர் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே இந்நிலை என்றால், ஊர்தியிலிருந்து இறங்கி, படமெடுப்பதற்காகக் கயிற்றைத் தாண்டிப் போகும் நம்மவரைப் பற்றி என்ன சொல்வது?

ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான். குளிர்காலப் பயணக் கட்டுரைகளில் விடுதி வாடகையையும் உணவகங்களையும் பட்டியலிடும் அதே இடத்தில், அந்தப் பகுதியின் பனிச்சரிவு அறிக்கையை எங்கே பார்க்கலாம், அந்தப் படிகளுக்கு என்ன பொருள் என்று நான்கு வரி சேருங்கள். காஷ்மீருக்கும் இமாசலத்துக்கும் சண்டிகரிலுள்ள இந்தியப் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. விபத்துச் செய்தியில், அன்றைய அபாயப் படி என்ன, அவர்களிடம் கருவி இருந்ததா, சாய்வு எவ்வளவு என்று செய்தி நிறுவனங்கள் தரும் விவரங்களை இடமின்மை கருதி வெட்டிவிடாதீர்கள். உடைந்த கூடாரத்தின் படத்தைவிட வாசகருக்கு உதவக்கூடியவை அவையே. பயண முகவர்களுக்கு உரிமம் வழங்கும் சுற்றுலா அமைச்சும், பனிமலை நடையைத் தம் திட்டத்தில் சேர்ப்பவர்களிடம் தகுதி பெற்ற உள்ளூர் வழிகாட்டி இருக்கிறாரா என்று கேட்கலாம். பல பயணக் காப்புறுதிகள் குறிக்கப்பட்ட தளத்துக்கு வெளியே நேரும் விபத்தை ஏற்பதில்லை என்பதைக் குடும்பத் தலைவர்கள் பணம் கட்டும் முன்பே படித்துப் பார்ப்பதும் நல்லது.

சென்ற வாரம் அதே முகவரிடமிருந்து இந்த ஆண்டுக்கான பயணத்திட்டம் புலனத்தில் வந்தது. நாங்கள் ஏழு பேர் நின்று எடுத்த படத்தையே முகப்பில் போட்டிருக்கிறார்கள்; எங்களுக்குப் பின்னால் அந்தச் சரிவு முழுமையாகத் தெரிகிறது. கீழே, ‘எல்லா வயதினருக்கும் ஏற்ற மென்பனி நடை’. யார் வழிகாட்டி, அன்றைய அபாயப் படியை யார் பார்ப்பார்கள், ஆளுக்கொரு சமிக்ஞைக் கருவி உண்டா என்று மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: ‘கவலைப்படாதீங்க அங்கிள், தடிச்ச காலுறை மட்டும் மறக்காமக் கொண்டு வாங்க.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
பாயான் பாரு, பினாங்கு.